காமா நைஃபா, புரோட்டானா, ஆறு வாரக் கதிர்வீச்சா? மூளைக்கட்டிக்கு எது எப்போது

மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சு தேவை என்று மருத்துவர் சொன்ன அன்று இரவே பல வீடுகளில் இணையத் தேடல் தொடங்கிவிடும். விடிவதற்குள் கையில் ஐந்தாறு பெயர்கள் சேர்ந்திருக்கும்: காமா நைஃப், சைபர் நைஃப், ஐ.எம்.ஆர்.டி., வி.மேட், புரோட்டான். விளம்பரங்களில் எல்லாமே 'அதிநவீனம்'. அப்புறம் "இதில் எது நல்லது?" என்ற கேள்வியோடு குடும்பம் தவிக்கும்.

இவை ஒரே வேலையைச் செய்யும் ஐந்து கருவிகளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அப்படி இல்லை. ஒருவருக்கு ஒரே நாளில் முடிகிற சிகிச்சை இன்னொருவருக்கு ஆறு வாரம் நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டியின் குணம்தான். கருவியின் பெயர் கடைசியாக வர வேண்டிய விஷயம். அதனால் எதை வைத்து எடைபோடுவது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

## எடைபோடும் அளவுகோல்கள்

கட்டியின் விளிம்பு. பாதி முடிவு இங்கேயே ஆகிவிடுகிறது. மூளையுறையில் வளரும் மெனிஞ்சியோமா, காது நரம்புக் கட்டி, நுரையீரல் அல்லது மார்பகத்திலிருந்து பரவி வந்த கட்டி போன்றவற்றுக்கு ஸ்கேனில் ஓரளவு தெளிவான எல்லை இருக்கும். மூளைத் திசுவைத் தள்ளிக்கொண்டு வளர்பவை இவை. மூளைத் திசுவிலேயே உருவாகும் கிளையோமாக்களின் (அவற்றில் மிக வேகமானது கிளியோபிளாஸ்டோமா) செல்கள் ஈரத்துணியில் விழுந்த மை போல, ஸ்கேனில் தெரியும் எல்லையைத் தாண்டி ஊடுருவியிருக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியும் கட்டிக்கு வெளியே 1.5 முதல் 2 செ.மீ. வரை சேர்த்தே கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். விளிம்பு தெளிவாக இருந்தால் கூர்மையான கதிருக்கு வேலை உண்டு. தெளிவில்லாத இடத்தில் அந்தக் கூர்மையே பாதகம்.

அளவும் எண்ணிக்கையும். 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டியும் 5 செ.மீ. கட்டியும் ஒரே கணக்கில் வராது. ஒன்றா, ஏழா, நாற்பதா என்பதும் முக்கியம்.

பக்கத்தில் என்ன இருக்கிறது. பார்வை நரம்பு, மூளைத்தண்டு, ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி, உட்காது, நினைவாற்றலுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ். கதிர்வீச்சை 'கிரே' என்ற அலகில் அளக்கிறார்கள். பார்வை நரம்பு ஒரே முறையில் ஏறத்தாழ 8 முதல் 10 கிரே வரைதான் தாங்கும். அதையே ஐந்தாறு வாரங்களுக்குச் சிறுசிறு சிட்டிங்காகப் பிரித்துக் கொடுத்தால் 54 கிரே வரை தாங்கிவிடும். "ஒரே நாளில் முடிக்க முடியாதா?" என்று கேட்கும்போது மருத்துவர் தலையாட்டி மறுப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

முன்னால் இருக்கும் காலம். பேசுவதற்குச் சங்கடமான அளவுகோல். ஆனாலும் பேசத்தான் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு முப்பது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய பக்கவிளைவுகூட இன்றைய முடிவை மாற்றும். உடல் முழுக்க நோய் பரவிய முதியவருக்கு அடுத்த மூன்று மாதம் எப்படிக் கழியும் என்பதே பெரிய கேள்வி.

கட்டணச் சீட்டில் வராத செலவு. தினசரிப் பயணம், உடன் வருபவரின் வேலை இழப்பு, தொடர் ஸ்கேன்கள், ஸ்டீராய்டு மாத்திரையின் உபத்திரவம், காத்திருப்பில் கழியும் வாரங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | வழக்கமான கால அளவு | நன்றாகப் பொருந்துவது | ஒளிந்திருக்கும் விலை |
|---|---|---|---|
| ஐ.எம்.ஆர்.டி. / வி.மேட் | 3 முதல் 6 வாரம், வாரம் 5 நாள் | கிளையோமா, பெரிய கட்டி, பார்வை நரம்பை ஒட்டிய கட்டி | தினசரிப் பயணம், களைப்பு, குழப்பும் ஸ்கேன் |
| ரேடியோசர்ஜரி (காமா நைஃப், சைபர் நைஃப்) | 1 நாள், சில சமயம் 3 முதல் 5 சிட்டிங் | சிறிய, எல்லை தெளிவான கட்டிகள் | ஆண்டுக்கணக்கில் தொடர் ஸ்கேன், திசு நசிவு |
| முழு மூளைக் கதிர்வீச்சு | 1 முதல் 2 வாரம் | மிக அதிகமாகப் பரவிய கட்டிகள் | நினைவாற்றல் |
| புரோட்டான் | பெரும்பாலும் 5 முதல் 7 வாரம் | குழந்தைகள், மண்டையோட்டு அடிப்பகுதிக் கட்டிகள் | மையங்கள் குறைவு, காத்திருப்பு, வெளியூர்த் தங்கல் |

## தினமும் கொஞ்சம்: ஐ.எம்.ஆர்.டி., வி.மேட்

லீனியர் ஆக்சலரேட்டர் என்ற இயந்திரம் பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்துகிறது. ஒவ்வொரு கோணத்திலும் கதிரின் செறிவைக் கூட்டிக் குறைத்து, கட்டியின் வடிவத்துக்கு ஏற்பச் செதுக்குவது ஐ.எம்.ஆர்.டி. இயந்திரம் தலையைச் சுற்றிக்கொண்டே அதைச் செய்தால் வி.மேட். சிட்டிங் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதுதான் வி.மேட்டில் நோயாளி உணரும் வித்தியாசம். அதற்காக மட்டும் மருத்துவமனையை மாற்றுவது வீண்.

தினமும் கொஞ்சமாகக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு சிட்டிங்குக்கு இடையே நல்ல செல்கள் தங்களைப் பழுது பார்த்துக்கொள்ளும். கட்டி செல்களுக்கு அந்தத் திறமை குறைவு. எனவே மூளைத் திசுவும் கட்டியும் பின்னிக் கிடக்கும் இடங்களில் இதற்கு மாற்று இல்லை. கிளியோபிளாஸ்டோமாவுக்கு 30 சிட்டிங்கில் 60 கிரே, கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை என்பது 2005இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் நிலைத்துவிட்ட முறை. அந்த ஆய்வில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைவிட அதிகம் வாழ்ந்த காலம்) 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தவர்களுக்கு 14.6 மாதம். சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் இரண்டு ஆண்டுகள் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள்.

வயதானவர்களுக்கு ஆறு வாரம் கட்டாயமில்லை. 60 வயதைக் கடந்தவர்களிடம் 15 சிட்டிங்கில் 40 கிரே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. ஆயுளில் வித்தியாசம் இல்லை, ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டிய தேவையும் குறைந்திருந்தது. "பாதி நாளில் முடிக்கிறார்களே, அரைகுறையாகச் செய்கிறார்களோ?" என்று சந்தேகப்படும் உறவினர்களிடம் இதைச் சொல்லலாம்.

கூடுதல் செலவுகளில் முதலாவது பயணம். ஒரு சிட்டிங் கால் மணி நேரத்தில் முடிந்தாலும் போய்வருவதில் அரைநாள் போய்விடும், அதுவும் முப்பது முறை. களைப்பு முதல் வாரத்தில் தெரியாது. கடைசி வாரங்களில் ஏறி, சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரங்கள் இருக்கும். உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்பவர்கள் இதைத் தலைகீழாகத் திட்டமிட்டுவிடுகிறார்கள்: முதல் வாரம் எல்லோரும் கூடுவார்கள், கடைசி வாரம் யாரும் இருக்கமாட்டார்கள். வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், நாளாக நாளாகத் தொடைத் தசைகளை வலுவிழக்கச் செய்யும்.

இன்னொன்று, பலரை நிலைகுலைய வைப்பது. சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதங்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதானது போலவே தெரியலாம். கதிர்வீச்சின் எதிர்வினையாக வரும் வீக்கமும் ரத்தக்குழாய்க் கசிவும்தான் அப்படித் தோற்றம் தருகின்றன. பொய்யான வளர்ச்சி என்று இதைச் சொல்வார்கள். உண்மையான வளர்ச்சியா, பொய்யானதா என்பதை ஒரே ஸ்கேனில் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டியிருக்கும். இப்படி நடக்கலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சிகிச்சையைக் கைவிடும் தவறு நடக்காது.

## கத்தியில்லா 'நைஃப்': ரேடியோசர்ஜரி

காமா நைஃபில் கத்தியும் இல்லை, மண்டையோட்டைத் திறப்பதும் இல்லை. 'ரேடியோசர்ஜரி' என்ற யோசனையை 1951இல் முன்வைத்தவர் ஸ்வீடனின் நரம்பியல் அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல். முதல் காமா நைஃப் 1968இல் ஸ்டாக்ஹோமில் இயங்கத் தொடங்கியது. இப்போதைய கருவிகளில் 192 கோபால்ட்-60 மூலங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் வரும் கதிர் தனியாக மிக மெலிதானது. எல்லாம் ஒரு புள்ளியில் சந்திக்கும்போது அங்கு மட்டும் அளவு எகிறும், சில மில்லிமீட்டர் தள்ளிப் போனால் சரிந்துவிடும்.

சைபர் நைஃப் ரோபோ கையில் பொருத்திய லீனியர் ஆக்சலரேட்டர். சாதாரண லீனியர் ஆக்சலரேட்டர்கள் பலவற்றிலும் இப்போது ரேடியோசர்ஜரி செய்கிறார்கள். காமா நைஃபில் துல்லியத்துக்காகப் பெரும்பாலும் தலையில் ஒரு சட்டகத்தை நான்கு திருகுகளால் பொருத்துவார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்வார்கள், இருந்தாலும் அந்தச் சில நிமிடங்கள் இனிமையானவை அல்ல. புதிய மாடலிலும் சைபர் நைஃபிலும் மாஸ்க் போதும், சிகிச்சையைப் பல சிட்டிங்காகப் பிரிக்கவும் முடியும். நான்கு திருகு பயமாக இருந்தால் மாஸ்க் கிடைக்குமா என்று கேட்பதில் தப்பில்லை. மற்றபடி ஒரு சிறிய பரவல் கட்டிக்கு எந்த 'நைஃப்' என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அந்தக் குழு இந்த வகைக் கட்டிக்கு அடிக்கடி சிகிச்சை அளிக்கிறதா என்று விசாரிப்பது பயன்தரும். காமா நைஃப் பழசா என்ற கவலையும் வேண்டாம்: கோபால்ட்டின் கதிர் 5.27 ஆண்டில் பாதியாகும், மூலங்கள் பழசாகும்போது சிகிச்சை நேரம் நீளும், தரம் குறையாது.

அளவு விஷயத்தில் இது கறாரானது. முன்பே கதிர்வீச்சு பெற்றவர்களிடம் நடந்த ஒரு பழைய அமெரிக்க ஆய்வு வகுத்த உச்சவரம்பு இன்றும் வழிகாட்டியாக இருக்கிறது: 2 செ.மீ. வரை 24 கிரே, 3 செ.மீ. வரை 18, 4 செ.மீ. வரை 15. கட்டி பெரிதாகப் பெரிதாகக் கொடுக்கக்கூடிய அளவு இறங்குகிறது, அதாவது அதிகம் தேவைப்படும் இடத்தில் குறைவாகத்தான் கொடுக்க முடிகிறது. அதனால்தான் 3 செ.மீ.க்கு மேற்பட்டவற்றை மூன்று அல்லது ஐந்து சிட்டிங்காகப் பிரிக்கிறார்கள், இல்லையென்றால் அறுவைக்கு அனுப்புகிறார்கள்.

நல்ல பலன் தருவது எங்கே? வேறு உறுப்பிலிருந்து பரவிய சில கட்டிகளில். ஒன்று முதல் மூன்று வரை கட்டி உள்ளவர்களுக்கு ரேடியோசர்ஜரி மட்டும் போதுமா, முழு மூளைக் கதிர்வீச்சும் சேர்க்க வேண்டுமா என்று 2016இல் வெளியான ஆய்வு ஒப்பிட்டது. மூன்று மாதத்தில் அறிவாற்றல் சோதனைகளில் சரிவு கண்டவர்கள் ரேடியோசர்ஜரி மட்டும் பெற்றவர்களில் 63.5 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 91.7 சதவீதம். ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஜப்பானில் 1,194 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, 5 முதல் 10 கட்டி இருந்தவர்களும் 2 முதல் 4 இருந்தவர்களைப் போலவே வாழ்ந்தார்கள் என்று காட்டியது. எண்ணிக்கையைப் பார்த்ததும் முழு மூளைக்குக் கொடுத்துவிடும் பழக்கம் அதன்பிறகுதான் தளர்ந்தது.

காது நரம்புக் கட்டிக்கு 12 அல்லது 13 கிரே ஒரே முறை. இங்கே எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கட்டி மறைந்துபோகாது, வளர்ச்சி நின்றால் அதுவே வெற்றி. முதல் ஆண்டில் சற்று வீங்கித் தெரிவதும் சகஜம்.

இதன் கூடுதல் செலவு, 'ஒரே நாளில் முடிந்தது' என்ற நினைப்பிலேயே இருக்கிறது. 2016 ஆய்வில் ஓராண்டு முடிவில் மூளைக்குள் நோய் கட்டுக்குள் இருந்தது ரேடியோசர்ஜரி மட்டும் பெற்றவர்களில் 50.5 சதவீதம் பேருக்கு. முழு மூளைக் கதிர்வீச்சும் சேர்ந்தவர்களில் 84.9 சதவீதம் பேருக்கு. கொடுக்காத இடங்களில் புதிது முளைக்கலாம் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். அதைத் தொடர முடியாத குடும்பத்துக்கு ரேடியோசர்ஜரியின் நன்மை பாதியாகிவிடும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் சிலருக்கு அந்த இடத்தில் திசு நசிந்து வீக்கம் வரும். ஸ்டீராய்டு, பெவாசிசுமாப் ஊசி, அரிதாக அறுவை வரை போகலாம்.

புதிதாகக் கண்டறிந்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு 'காமா நைஃபில் ஒரே நாளில் முடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். வழக்கமான கதிர்வீச்சோடு ரேடியோசர்ஜரியைச் சேர்த்துப் பார்த்த ஆய்விலேயே ஆயுள் கூடவில்லை.

## மூளை முழுவதற்கும்

முழு மூளைக் கதிர்வீச்சு என்றால் 10 சிட்டிங்கில் 30 கிரே, அல்லது 5 சிட்டிங்கில் 20. எளிமையானது, விரைவாகத் தொடங்கலாம், எங்கும் கிடைக்கும். ஏராளமான கட்டிகள், மூளையுறை முழுக்கப் பரவிய நோய், நுரையீரலின் சிறுசெல் புற்றுநோய் போன்றவற்றில் இதற்கு இன்னமும் இடம் உண்டு.

விலை, நினைவாற்றல். சொன்னதையே சொல்வது, பெயர் மறப்பது, கணக்கில் தடுமாறுவது எல்லாம் மாதங்கள் கழித்து வரும். இதைக் குறைக்க ஹிப்போகாம்பஸை விலக்கித் திட்டமிடும் முறை இருக்கிறது. மறதி நோய்க்குக் கொடுக்கும் மெமான்டின் மாத்திரையோடு சேர்த்து இதைச் செய்தால் அறிவாற்றல் சரிவின் அபாயம் கால் பங்குக்கு மேல் குறைகிறது என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஹிப்போகாம்பஸுக்கு 5 மில்லிமீட்டருக்குள் கட்டி இருந்தால் இது பொருந்தாது. சில மாதங்களாவது நன்றாக வாழும் வாய்ப்புள்ளவருக்கு முழு மூளைக் கதிர்வீச்சு பரிந்துரைத்தால், "ஹிப்போகாம்பஸை விலக்க முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு ஆய்வு உண்டு. அறுவைக்கோ ரேடியோசர்ஜரிக்கோ பொருந்தாத நுரையீரல் புற்றுநோய்ப் பரவல் உள்ள 538 பேரில், ஸ்டீராய்டும் ஆதரவுச் சிகிச்சையும் மட்டும் பெற்றவர்கள் இடைநிலையில் 8.5 வாரம் வாழ்ந்தார்கள். முழு மூளைக் கதிர்வீச்சும் பெற்றவர்கள் 9.2 வாரம். வாழ்க்கைத் தரத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மிகத் தளர்ந்துபோனவரை இரண்டு வாரம் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய் வருவதைவிட வீட்டில் வைத்துக் கவனிப்பது அக்கறையின்மை ஆகாது. கதிர்வீச்சே வேண்டாம் என்பதும் இந்தப் பட்டியலில் உள்ள ஒரு தேர்வு. அறிகுறி ஏதுமின்றித் தற்செயலாகத் தெரியவந்த சிறிய மெனிஞ்சியோமாவுக்கும் அப்படித்தான்: பலருக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும்.

## புரோட்டான்

எக்ஸ்ரே கட்டியைக் கடந்து மறுபக்கமும் வெளியேறும். புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். இதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946இல் எழுதினார். 1954இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு எந்தத் தயக்கமும் இல்லாத இடம் குழந்தைகள். சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவில் மூளையோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சு தேவை. எக்ஸ்ரே முதுகு வழியாக நுழைந்து இதயம், நுரையீரல், தைராய்டு, குடல் வழியாக வெளியேறும். புரோட்டான் முதுகெலும்பைத் தாண்டியதும் நின்றுவிடும். வளரும் உடலுக்கு, அதன்பின் அறுபது எழுபது ஆண்டு வாழப்போகிற உடலுக்கு, அது பெரிய லாபம். மண்டையோட்டு அடிப்பகுதியில் வரும் கார்டோமாவும் அப்படியே. 70 கிரேக்கு மேல் தேவை, மூளைத்தண்டு ஒட்டிக்கொண்டு இருக்கும். நீண்ட ஆயுளை எதிர்பார்க்கக்கூடிய இளம் வயதினரின் மெதுவாக வளரும் கிளையோமாவுக்கும் மருத்துவர் பரிந்துரைத்தால் யோசிக்கலாம்.

பெரியவர்களின் கிளியோபிளாஸ்டோமாவில் நிலைமை வேறு. புரோட்டானையும் ஐ.எம்.ஆர்.டி.யையும் நேரடியாக ஒப்பிட்டு 2021இல் வெளியான சிறிய ஆய்வில், அறிவாற்றல் சரியும் காலத்தைத் தள்ளிப்போடுவதில் புரோட்டான் முந்தவில்லை. விளம்பரங்களில் இந்த வரியைப் பார்க்க முடியாது.

கூடுதல் செலவு இங்கேதான் அதிகம். மையங்கள் குறைவு, வெளியூரில் ஐந்தாறு வாரம் தங்க வேண்டும், காப்பீட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். வேகமாக வளரும் கட்டிக்கு அறுவை முடிந்து மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்குவதுதான் வழக்கம். புரோட்டான் இடத்துக்காக அதைத் தாண்டவிடுவது, கிடைக்குமா என்று தெரியாத லாபத்துக்காகக் கையில் இருப்பதை இழப்பது. தொழில்நுட்பத்திலும் ஒரு பலவீனம் உண்டு: புரோட்டான் எங்கே நிற்கும் என்ற கணக்கில் சில மில்லிமீட்டர் நிச்சயமின்மை இருக்கிறது, நிற்கும் அந்த விளிம்பில் அதன் தாக்கம் சற்று கூடுதல். விளிம்பு மூளைத்தண்டின் மேல் விழுந்தால் அனுபவமுள்ள குழு வேண்டும்.

## இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால்

பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. ரேடியோசர்ஜரி கருவி உள்ள இடத்தில் அதை நோக்கிக் கொஞ்சம் சாய்வார்கள், அவ்வளவுதான். பார்வை நரம்பிலிருந்து 3 மில்லிமீட்டரில் இருக்கும் மெனிஞ்சியோமா, 3 செ.மீ.யைத் தொடும் பரவல் கட்டி, 12 இடத்தில் பரவிய மார்பகப் புற்றுநோய் போன்றவற்றில் நியாயமாகவே கருத்து மாறும். அப்போது இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: இந்தத் திட்டத்தில் பார்வை நரம்புக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் எத்தனை கிரே போகிறது? இது பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்ய மிச்சம் இருக்கும்? அறுவை நிபுணரும் கதிர்வீச்சு நிபுணரும் சேர்ந்து பேசி எடுத்த முடிவா? முதல் கேள்விக்கு எண்ணாகப் பதில் வரும்போது பல குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் கருத்துக்குப் போகும்போது அச்சிட்ட ரிப்போர்ட் மட்டும் போதாது. எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சிடி, பயாப்சியின் மூலக்கூறு முடிவுகள், தற்போது சாப்பிடும் ஸ்டீராய்டு அளவு எல்லாம் வேண்டும். தலைக்கு முன்பே எங்காவது கதிர்வீச்சு எடுத்திருந்தால் அந்தச் சிகிச்சைத் திட்டத்தின் டிஜிட்டல் கோப்பை அங்கிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்கு எத்தனை கிரே ஏற்கெனவே போயிருக்கிறது என்று தெரியாமல், மறுபடி கொடுக்கலாமா என்பதை எந்த மருத்துவராலும் கணக்கிட முடியாது.